அடக்கும் செல்களும் என் கணவரின் வலது காதும்

லண்டனின் தெற்கில், மிச்சம் என்ற ஊரில் என் கணவர் நடத்தும் கார் கராஜுக்கு வருகிறவர்கள் எனக்கு எலி டொக்டர் என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். நான் மருந்து எழுதிக் கொடுக்கிற டொக்டர் இல்லை, மூளையை ஆராய்கிற டொக்டர் என்று ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். யாருடைய மூளை என்று கேட்டார்கள். எலிகளின் மூளை என்றதும் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. இப்போது நான் திருத்துவதில்லை. இந்தப் பக்கத்துக் கராஜ்காரர்களின் மனைவிமாரை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் எலி டொக்டர் நான் ஒருத்திதான். தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், இருபது வருடம் படித்தும் உழைத்தும் சம்பாதித்த கனம் அது.

யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாக ஜெர்மனிக்குப் போய் அங்கே படித்தவள் நான். இவர் அங்கே ஒரு கராஜில் தொழில் பழகியவர். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேருமாக லண்டனுக்கு வந்தோம். இவர் சொந்தமாகக் கராஜ் போட்டார், எனக்கு நகரத்துக்குள் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. காலையில் ட்ராமில் விம்பிள்டனுக்குப் போய் அங்கே ரயில் மாறுவேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வேறு வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

என் வேலையை இரண்டு வரியில் சொல்லலாம். காது கேட்காமல் போனாலோ, போன காது திரும்பி வந்தாலோ மூளையில் எந்தச் செல் முதலில் மாறுகிறது, எது பிறகு மாறுகிறது என்று பார்க்கிறோம். மூளைச் செல்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. மற்றச் செல்களைக் கிளப்பிவிடுகிறவை உண்டு, தொகையில் அவைதான் அதிகம். அவற்றைப் பிடித்து அடக்கிவைக்கிறவை உண்டு. அடக்குகிறவற்றுக்குள்ளும் பல ரகம். ஒன்று கிளப்பும் செல்லின் உடம்பையே இறுக்கிப் பிடிக்கும். இன்னொன்று அதன் தூரத்துக் கிளைகளில் கை வைக்கும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது அடக்குகிறவற்றையே அடக்கிவைக்கும். காதில் சத்தம் நின்றால் இவை எல்லாம் ஒன்றாகவும் ஒரே மாதிரியும் மாறுவதில்லை. அநேகமாக முதலில் பிடியைத் தளர்த்துவது அந்த இறுக்கிப் பிடிக்கிற ரகம்தான். வருகிற சத்தமே குறைந்துவிட்டது, இனி எதற்கு இந்தப் பிடி என்பதுபோல விட்டுக்கொடுக்கும். கிளப்பும் செல்கள் ஆறுதலாக, நாள்கணக்கில் தங்கள் இணைப்புகளைத் திருத்திக்கொள்ளும்.

இதை ஒருமுறை சாப்பாட்டு மேசையில் இவருக்குச் சொன்னேன். அப்போது இவருக்குக் காது நன்றாகக் கேட்ட காலம்.

“அப்ப பிரேக்தான் முதல்லை தேயுது எண்டு சொல்லுறீர்.”

“தேயிறேல்லை. தானாக் காலை எடுக்குது.”

“ரெண்டும் ஒண்டுதான். வண்டி ஓடித்தானே முடியும்,” என்றார் இவர்.

நான் எலிகளின் காதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் இவரின் காது போகத் தொடங்கியது. எனக்கு அதைப் போல ஆத்திரம் தந்த விஷயம் வேறு இல்லை. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். காதில் மாட்டும் கருவிகள் கொஞ்சக் காலம் உதவின. ஒரு குளிர்காலத்தில் வந்த காய்ச்சலோடு மிச்சமிருந்ததும் போயிற்று. காது அடங்க அடங்க உள்ளே ஓர் இரைச்சல் கிளம்பியது. “ஆரும் இல்லாத இடத்திலை கொம்பிரசர் ஓடுது,” என்று கராஜின் காற்றடிக்கும் மெஷினைச் சொல்வார். பிடியைத் தளர்த்திய செல்களின் வேலையாக அது இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், ஒரு நிமிடம்கூட அதை என்னால் நிறுத்த முடியவில்லை.

நாங்கள் சுற்றியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டில் இவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ஹாலின் லைட்டைப் போட்டு அணைப்பேன். மாடியில் நின்றால் தரையில் காலால் உதைப்பேன், அதிர்வு தெரியும். டெலிபோன், வங்கி, கவுன்சில், எல்லாம் நான்தான் பேசினேன். கோயிலில் யாராவது இவரிடம் சுகம் கேட்டால் இவர் வாய் திறக்குமுன் நான் பதில் சொல்லியிருப்பேன். போகப் போக இவர் பக்கத்தில் நிற்கும்போதே, “அவர் எப்பிடி இருக்கிறார்?” என்று என்னிடம் கேட்கப் பழகிவிட்டார்கள்.

கராஜில் இவரோடு வேலை செய்கிறவர் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு தமிழ் ஆள். நாற்பதைத் தாண்டியவர், இவரை அண்ணை என்பார், என்னை அக்கா என்பார். அவர் எஞ்சின் சத்தத்தைத் தான் கேட்டு இவருக்கு விரலால் சொல்வதற்கு ஒரு பாஷையே உண்டாக்கியிருந்தார். ஒரு விரலை மடக்கினால் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. மணிக்கட்டைச் சுழற்றினால் பேரிங். கன்னத்தைத் தட்டினால் பெல்ட் கீச்சிடுகிறது. முற்றத்துக்குள் வந்து நிற்கும் காரின் சத்தத்திலேயே பாதி நோயைச் சொல்கிறவர் என்று பெயர் எடுத்த மனுஷன், தன் கராஜில் இன்னொருவரின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வலது காதுக்குப் பின்னால் அறுத்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். பழுதான காதை விட்டுவிட்டு நேரே நரம்புக்கு மின்சாரமாகச் சத்தத்தை அனுப்புகிற கருவி. காயம் ஆறிய பிறகு அதை முதன்முதலாக இயக்கும் நாளில் நான் லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, கைப்பையில் இரண்டு கைக்குட்டையும் வைத்துக்கொண்டு இவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. கேட்டல் சிகிச்சையாளராக இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை கொம்பியூட்டரில் எதையோ தட்டினாள். என்னைப் பேசச் சொன்னாள்.

“கேக்குதோ?” என்றேன்.

இவர் முகத்தைச் சுளித்தார். “எல்லாரும் தகரப் பேணிக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. உம்மடை குரலும்தான்.”

அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மனம் சுருங்கிப்போயிற்று. கைக்குட்டைகளை வெளியே எடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை வீட்டுப் பயிற்சி சொல்லித் தந்தாள். ஒவ்வொரு நாளும் இவருக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஜெர்மனியில் படித்தவள், உலகத்தில் எந்தப் பேராசிரியரையும் முதற்பெயரில் அழைக்கிறவள். கணவனின் பெயர் மட்டும் இன்றுவரை என் வாயில் வந்ததில்லை. என் அம்மாவும் சொன்னதில்லை, என் வயதுச் சிநேகிதிகளில் பாதிப்பேர் சொல்வதில்லை. அப்படியானால் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். இஞ்சாருங்கோ என்பேன், இங்கே பாருங்கள் என்று அர்த்தம் என்றேன். அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிவிட்டு, சரி, அதையே சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். உண்மையில் அந்தச் சொல்லும் எங்கள் வீட்டில் வழக்கொழிந்து வருடக்கணக்காகி இருந்தது.

மாதங்கள் போயின. ஒவ்வொரு பரிசோதனையிலும் இவரின் மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒருவர் கராஜை விலைக்குக் கேட்டு வந்தார். தென்லண்டனில் நாலைந்து இடத்தில் கார் கழுவும் கடை வைத்திருக்கும் நம்மவர். நல்ல மனுஷன், அவசரப்படுத்தவும் இல்லை. கோடை முடியுமுன் பதில் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பேசியதெல்லாம் என்னோடுதான். இவர் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார். “குடுத்திடுவம். காது கேளாதவனிட்டை ஆர் காரைக் குடுப்பான்? எத்தினை நாளைக்கு அவன் எனக்கு விரல் காட்டிக்கொண்டு நிக்கிறது?”

“கொஞ்சம் பொறுங்கோ. மூளைக்கு நேரம் வேணும்,” என்று வாயசைவு தெரியச் சொன்னேன்.

“கோடை மட்டும் பாப்பம். இப்பிடியே இருந்தால் விக்கிறன்.”

கராஜ் போனால் இவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். சோபாவில் இருந்து சப்டைட்டில் வாசிக்கிற மனுஷன் ஆவார். எனக்கு அது வேண்டாம். நான் கல்யாணம் கட்டியது முழங்கை வரைக்கும் கிரீஸ் பூசிக்கொண்டு, வாயில் ஸ்குரூவைக் கடித்தபடி சண்டை பிடிக்கிற ஆளை.

இந்த நிலையில் எங்கள் ஆய்வுகூடத்தைப் பார்க்கப் பொதுமக்கள் வரும் நாள் வந்தது. விளக்கம் சொல்ல என்னைத்தான் விடுவார்கள், எனக்கு அது நன்றாக வரும். நுண்நோக்கியில் எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன். கிளப்பும் செல்கள் பச்சை, அடக்கும் செல்கள் சிவப்பு. ஒரு பெரியவர் எழும்பி, அப்படியானால் போன காதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதுமா, மூளை தானாகத் திருந்திவிடுமா என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். வளர்ந்த மூளைக்குச் சத்தம் மட்டும் போதாது. அந்தச் சத்தம் தேவைப்பட வேண்டும். அதைக் கேட்காவிட்டால் எதையோ இழப்போம் என்கிற நிலை வர வேண்டும். அப்போதுதான் அடக்குகிறவற்றை அடக்கும் அந்த மூன்றாவது ரகம் விழித்துக்கொண்டு கதவைத் திறந்துவிடும், கிளப்பும் செல்கள் புதிதாகப் பழகும். கேட்காமலே எல்லாம் கையில் கிடைக்கிற பிராணியின் செல்கள் எதற்காக மினக்கெட வேண்டும் என்று கேட்டேன். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ட்ராமில் வரும்போதும் என் காதுக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து, சோறு போட்டு, குழம்பைச் சூடாக்கி, இவரைச் சாப்பிடக் கூப்பிட ஹால் வாசலுக்குப் போனேன். கை தானாகச் சுவரில் லைட் சுவிச்சுக்குப் போயிற்று. போட்டு அணைத்தேன். இவர் திரும்பிப் பார்த்து எழும்பி வந்தார்.

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், கேட்காமலே எல்லாம் கையில் கிடைக்கிற பிராணி ஒன்று சோற்றில் குழம்பை விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தது. லைட், கால் உதை, விரல் பாஷை, முந்திக்கொண்டு பதில் சொல்லும் என் வாய். வலது காதுக்குள் அத்தனை கெட்டிக்காரக் கருவியை வைத்துவிட்டு, அதற்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாசத்தால் செய்து முடித்துக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டு முடிந்ததும் முன்னால் இருந்து, வாய் தெரிய, சட்டம் போட்டேன். இனி வீட்டில் லைட் இல்லை, உதை இல்லை, தோளில் தட்டுவது இல்லை. வெளியில் உங்களுக்காக நான் பேச மாட்டேன். கராஜில் விரல் இல்லை.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீர் என்னை எலி எண்டு நினைச்சிட்டீரோ?”

“எலியெண்டால் இவ்வளவுக்குப் பழகியிருக்கும்.”

“நல்ல கதை. இருவது வரிசமா எலியோடை இருந்து உமக்கு மனுசரோடை இருக்கத் தெரியேல்லை.”

“அப்பிடியே இருக்கட்டும். நாளையிலை இருந்து கூப்பிட்டால் வாங்கோ. வராட்டி சோறு ஆறும்.”

சோறு ஆறியது. குசினியில் நின்று, “இஞ்சாருங்கோ,” என்று நான் கத்தக் கத்த மனுஷன் அசையவில்லை. போய்த் தோளில் தொட வேண்டும் என்று கை துடித்தது. தொடவில்லை. ஆறிய சோற்றை இவர் முகத்தை நீட்டிக்கொண்டு தின்றார், நானும் அதையே தின்றேன். டூட்டிங்கில் நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எப்போதும்போல என்னைப் பார்த்து, “அக்கா, அண்ணைக்கு விளைமீன் எப்பிடி வெட்டுறது?” என்றார். நான் மிளகாய்த்தூள் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் திகைத்துப்போய் இவரிடமே திரும்பக் கேட்டார், இவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். குழம்புக்கு வாங்கிய மீன் பொரியலுக்குரிய மெல்லிய துண்டுகளாக வந்து சேர்ந்தது. அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை, பொரித்தே சாப்பிட்டோம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கராஜில்தான் கஷ்டம். விரல் காட்டக் கூடாது என்றதும் அந்தப் பிரான்ஸ்காரர் எனக்குப் போன் பண்ணினார். “அக்கா, பாவமெல்லோ. அண்ணை கார் பொனற்றுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறார். எனக்குப் பாக்க ஏலாமக் கிடக்கு.”

“பாக்க ஏலாட்டி மற்றப் பக்கம் திரும்பி நில்லும்,” என்றேன். போனை வைத்த பிறகு எனக்கே அழுகை வந்தது.

மாறியது ஒரே நாளில் இல்லை. முதலில், கூப்பிட்டபோது இவரின் தலை இலேசாக அசைவதைக் கண்டேன். எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் யன்னலைப் பார்ப்பார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டதும் ஹாலில் இருந்து, “வாறன், வாறன், கத்தாதையும்,” என்று பதில் வந்தது. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். எத்தனையோ சோடி எலிக் காதுகளைப் பார்த்தவள் நான், எந்த ஆய்வு முடிவும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. மீன்கடைக்காரர் இப்போது இவரிடம் நேரே பேசத் தொடங்கினார், ஒருமுறைக்கு இருமுறை கேட்டாலும் சரியான துண்டு வீட்டுக்கு வந்தது.

கோடை நடுவில் ஒரு சனிக்கிழமை கராஜுக்குப் போனேன். ஒரு பழைய வான் ஓடிக்கொண்டு நின்றது. இவர் பொனற்றின்மேல் கையூன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிரான்ஸ்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தப்பித் தவறியும் விரல் அசைந்துவிடக் கூடாதே என்று நின்றார்.

“மூண்டாவது அடிக்கேல்லை,” என்றார் இவர்.

கழற்றிப் பார்த்தார்கள், மூன்றாவது சிலிண்டரின் பிளக் கரியாகியிருந்தது. மற்றவர் பிரெஞ்சில் எதையோ சொல்லித் தலையில் கை வைத்தார். இவர் என்னிடம் வந்தார். “சுருதி எனக்குச் சரியா வருகுதில்லை. எல்லாம் தகரம்தான். பெல்ட் கீச்சிடுறதும் பேரிங் அழுறதும் ஒண்டாத்தான் கிடக்கு. ஆனால் தாளம் வருகுது. தாளம் பிசகினால் தெரியுது.”

அது அப்படித்தான். அந்தக் கருவி நேரத்தைச் சுத்தமாகக் கொடுக்கும், சுரத்தை மங்கலாகத்தான் கொடுக்கும். அதை நான் இவருக்குச் சொன்னதே இல்லை, தானாகக் கண்டுபிடித்திருந்தார். வருகிறதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று இவரின் தலைக்குள் இருந்த செல்கள் முடிவெடுத்திருந்தன. எவை முன்னால் போயின, எவை பின்னால் வந்தன என்று திறந்து பார்க்க எனக்கு வழியில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்ததே பெரிய விஷயம்.

கோடை முடியப் போகிற நேரத்தில் அந்தக் கார் கழுவும் கடைக்காரர் பதில் கேட்டு வந்தார். இவர் என்ன முடிவெடுத்திருக்கிறார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என் விருப்பத்தை இவர் வாயில் திணித்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். கந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் அந்தச் சின்ன அலுவலக அறையில் வந்தவர் என் முன்னால் கதிரையில் இருந்தார். இவர் மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழந்துணியால் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே கொம்பிரசர் ஓடாமல் நின்றிருந்தது. வந்தவர் பழக்கப்படி என் முகத்தைப் பார்த்து, இவர் அங்கே இல்லாததுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, என்ன மாதிரி? அண்ணை குடுக்கச் சொல்லுறாரோ?”

நான் வாயைத் திறந்துவிட்டேன். பதில் என்னவென்று தெரியாமலே திறந்தேன், அத்தனை வருடப் பழக்கம்.

“குடுக்கேல்லைத் தம்பி,” என்றார் இவர், திரும்பாமலே. “எனக்கு இன்னும் வேலை கிடக்கு.” இன்னொரு ஸ்பானரை எடுத்துத் துடைத்தார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். இந்த மனுஷனுக்கு நான் மனைவி என்று அந்த முற்றத்தில் போய் நின்று ஊருக்கே சொல்ல வேண்டும் போல இருந்தது.

வந்தவர் இவரின் முதுகைப் பார்த்தார். பிறகு, உண்மைதானா என்பதுபோல மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதையுங்கோ,” என்றேன். “அவரோடை கதையுங்கோ. அவருக்குக் கேக்கும்.”